பலகையின் அடியில் ஒரு பெயர்

டோனி ஹாக் ஸ்கேட்போர்டில் தொழில்முறை ஆட்டக்காரராக ஆனது 1982ல். வயது 14. கொஞ்ச நாளில் அவர் பெயர் போட்ட பலகை ஒன்று கடைக்கு வந்தது. அது விற்றதில் அவருடைய பங்கு என்று தபாலில் முதல் காசோலையும் வந்தது. தொகை 85 சென்ட். அன்றைய மதிப்பில் நம்மூர்ப் பணம் ஒன்பது ரூபாய்கூடத் தேறாது.

சில வருடங்களில், பள்ளிப் படிப்பு முடிவதற்குள்ளேயே, அதே பையன் சொந்தமாக வீடு வாங்கிவிட்டார். இன்னும் சில வருடங்கள் போனதும் சாப்பாட்டுச் செலவுக்கு ஒரு நாளைக்கு 5 டாலர் என்று வரம்பு கட்டிக்கொண்டு மலிவான உணவுக்கடையில் வயிற்றை நிரப்பிக்கொண்டிருந்தார். 2000ல் வெளிவந்த சுயசரிதையின் தலைப்பில் தன் பெயரோடு 'தொழில்: ஸ்கேட்போர்டர்' என்று சேர்த்துக்கொண்டார். பெண் பார்க்கப் போன இடத்தில் மாப்பிள்ளை இப்படிச் சொன்னால் நம் வீடுகளில் காபி ஆறிப்போகும். அமெரிக்காவிலும் பெரிய வித்தியாசம் இல்லை. வங்கிக் கடன் படிவத்தில் எழுத முடியாத தொழில்தான் அது.

கிரிக்கெட்டுக்கு வாரியம் உண்டு, ஒப்பந்தம் உண்டு. கபடி ஆடுகிறவருக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வேயிலோ காவல்துறையிலோ ஒரு வேலை கிடைக்க வழி உண்டு. ஸ்கேட்போர்டுக்கு நெடுங்காலம் இதில் எதுவுமே இல்லை. லீக் இல்லை, மாதச் சம்பளம் இல்லை, பல ஊர்களில் ஆடுவதற்கு அனுமதியே இல்லை. நார்வேயில் 1978 முதல் 1989 வரை ஸ்கேட்போர்டு விற்பதே சட்டப்படி குற்றம். இவ்வளவுக்கும் நடுவில் இதையே நம்பிக் குடும்பம் நடத்தியவர்கள் இருக்கிறார்கள். பரிசுப் பணம் அவர்களைக் காப்பாற்றவில்லை. மேப்பிள் மரத்தகடுகளை ஒட்டிச் செய்த பலகையின் அடிப்பக்கத்தில் அச்சாகும் பெயர்தான் காப்பாற்றியது. அந்தப் பெயருக்கு ஒரு விலை வந்த கதையும், அது பலமுறை தலைகுப்புற விழுந்த கதையும் சேர்ந்ததுதான் இந்தத் தொழிலின் வரலாறு.

1950களின் கலிஃபோர்னியாவில் அலை எழும்பாத நாட்களில் அலைச்சறுக்குப் பையன்களுக்குப் பொழுது போகவில்லை. ரோலர் ஸ்கேட்டைப் பிரித்து, சக்கரங்களை ஒரு பலகையின் முன்னும் பின்னும் ஆணியடித்துத் தெருவில் இறங்கினார்கள். சக்கரம் இரும்பு. ஓடினால் தெரு முழுக்கக் கேட்கும். 1963ல் லாரி ஸ்டீவன்சன் என்ற கடற்கரை உயிர்காப்பாளர் மக்காஹா என்ற பெயரில் பலகைகளைத் தயாரித்து விற்கத் தொடங்கினார். அலைப்பலகை செய்வதில் பேர் வாங்கியிருந்த ஹோபி ஆல்ட்டர், வீட்டா-பாக்ட் என்ற பழச்சாறு நிறுவனத்தோடு சேர்ந்து இதே வியாபாரத்தில் இறங்கினார். பொருள் வந்துவிட்டது. அதை எப்படி ஆடுவது என்று மக்களுக்குக் காட்ட ஆள் வேண்டுமே!

அந்த ஆட்களில் ஒருவர் பேட்டி மெக்கீ. 1965 மே மாத 'லைஃப்' இதழின் அட்டையில், ஓடும் பலகைமேல் இரண்டு கையையும் ஊன்றி, வெறுங்காலோடு தலைகீழாக நிற்கும் 19 வயதுப் பெண் அவர்தான். ஹோபி பலகைகளுக்காக ஊர் ஊராகப் போய், பெரிய கடைகளில் ஆடிக் காட்டுவது அவர் வேலை. உலகின் முதல் தொழில்முறைப் பெண் ஸ்கேட்டர் என்று இன்று எழுதுகிறார்கள். வேலையின் சாரத்தைப் பார்த்தால், கடை வாசலில் மிக்ஸி ஓட்டிக் காட்டும் விற்பனைப் பிரதிநிதிக்குப் பக்கத்தில் வைக்கவேண்டிய உத்தியோகம். ஆனால் அதற்குப் பணம் கொடுத்தார்கள் என்பதுதான் முக்கியம். பலகைமேல் நின்று சம்பாதிக்கலாம் என்ற எண்ணம் அங்கேதான் பிறந்தது.

அந்த வருடமே எல்லாம் முடிந்தும் போனது. இரும்புக்குப் பதிலாக வந்திருந்த சக்கரம், ஒருவகைக் களிமண் கலவை. ஓட்டம் சுகமாக இருக்கும். ஆனால் தரையைப் பிடிக்காது. பட்டாணி அளவு கல் ஒன்று குறுக்கே வந்தால் சக்கரம் அப்படியே நின்றுவிடும். மேலே நிற்பவர் பறந்து போய் விழுவார். கை கால் முறிந்த பிள்ளைகள் மருத்துவமனைகளில் வரிசை கட்டினார்கள். மருத்துவர்கள் எச்சரித்தார்கள், நகராட்சிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தடை போட்டன. 1965 முடிவதற்குள் சந்தை படுத்துவிட்டது. மெக்கீ பலகையை விட்டு வேறு வாழ்க்கைக்குப் போனார். 2010ல் ஸ்கேட்போர்டிங்கின் புகழ்க்கூடம் அவரைத் தேடி அழைத்தது, அங்கே இடம்பெற்ற முதல் பெண்ணாக.

ஏழெட்டு வருட மயக்கத்துக்குப் பிறகு விளையாட்டை எழுப்பியது ஒரு சக்கரம். வர்ஜீனியா மாநிலத்தின் பர்செல்வில் என்ற சிற்றூரில் யூரித்தேன் பொருட்கள் செய்யும் ஒரு தொழிற்சாலை இருந்தது. ரோலர் ஸ்கேட் கூடங்களில் கற்றுக்குட்டிகள் வழுக்கி விழாமல் இருக்க, அங்கே மென்மையான சக்கரங்களை வார்த்துக்கொண்டிருந்தார்கள். தேர்ந்த ஸ்கேட்டர்கள் அவற்றைச் சீண்டவில்லை, வேகம் போதாது என்று. 1970ல் அவற்றைப் பார்த்த ஃபிராங்க் நாஸ்வொர்தி என்ற இளைஞர் தன் பழைய ஸ்கேட்போர்டில் மாட்டி ஓட்டினார். கல்மேல் ஏறி இறங்கியது, திருப்பத்தில் தரையைக் கவ்வியது, சத்தமும் இல்லை. பிறகு கலிஃபோர்னியாவின் என்சினிடாஸ் கடற்கரைக்குக் குடியேறி, 'கேடிலாக் வீல்ஸ்' என்ற பெயரில் 1970களின் தொடக்கத்தில் அவற்றை விற்கத் தொடங்கினார். 1975ல் மூடிய பேரிங்கும் வந்து சேர்ந்தது. அதற்கு முன்பு ஓடும்போதே உள்ளிருக்கும் குட்டிக் குண்டுகள் தெருவில் சிதறும்; பொறுக்கிக்கொண்டு வரவேண்டும்.

கேடிலாக்குக்கும் ஒரு முகம் தேவைப்பட்டது. பொன்னிற முடி, வெறுங்கால், அலையில் நிற்பவரைப் போன்ற தோரணை என்று கிரெக் வீவர் விளம்பரங்களில் வந்தார். 'கேடிலாக் கிட்' என்றே பெயராகிவிட்டது. கடைகளில் ஆடிக் காட்டிய மெக்கீயின் இடத்துக்கு இப்போது பத்திரிகைப் படம் வந்துவிட்டது. ஒரே ஒரு படம், நாடு முழுவதும் போய்ச் சேர்ந்தது.

1975ல் டெல் மார் நகரில் நடந்த தேசியப் போட்டிக்கு சான்டா மோனிகாவிலிருந்து ஒரு கூட்டம் நீலச் சட்டையில் வந்திறங்கியது. ஜெஃப் ஹோவின் ஸெஃபிர் அலைப்பலகைக் கடையைச் சேர்ந்த பிள்ளைகள்: டோனி ஆல்வா, ஸ்டேசி பெரால்டா, ஜே ஆடம்ஸ், பெக்கி ஓகி முதலானவர்கள். மற்றவர்கள் பலகைமேல் நிமிர்ந்து நின்று குட்டிக்கரணமும் சுழற்சியும் காட்டிக்கொண்டிருக்க, இவர்கள் முழங்காலை மடக்கி, உள்ளங்கை தரையில் உராய, அலைக்குள் புகுவதுபோல் புகுந்தார்கள். நடுவர்களுக்கு மதிப்பெண் எப்படிப் போடுவது என்றே விளங்கவில்லை. கிரெய்க் ஸ்டெசிக் எழுதிய கட்டுரைகளும் எடுத்த படங்களும் 'ஸ்கேட்போர்டர்' இதழில் வர, வறிய கடற்கரைப் பேட்டையின் பையன்கள் சில மாதங்களில் நாடறிந்த பெயர்களானார்கள்.

அதே சமயத்தில் வானமும் கைகொடுத்தது, பெய்யாமல் இருந்து. 1976, 77ல் கலிஃபோர்னியாவில் கடும் வறட்சி. வீட்டுக் கொல்லையில் நீச்சல்குளம் வைத்திருந்த பணக்காரர்கள் அவற்றை வற்றவிட்டார்கள். அந்தக் காலத்துக் குளங்களுக்குச் சுவரும் தரையும் சந்திக்கும் இடம் கிண்ணம்போல் வளைந்திருக்கும். வீட்டுக்காரர் வேலைக்குப் போன நேரம் பார்த்து மதில் ஏறிக் குதித்து, அடியில் தேங்கிய பாசித் தண்ணீரை வாளியால் இறைத்து, துடைத்துக் காயவைத்து, போலீஸ் வண்டி வரும்வரை ஆடுவார்கள். பக்கவாட்டுச் சுவரில் ஏறி, விளிம்பைத் தாண்டி, காற்றில் எழும்பித் திரும்பி இறங்கும் வித்தை அந்தக் குளங்களில்தான் தேறியது. பின்னால் கோடிகள் புரண்ட ஒரு விளையாட்டின் பயிற்சிக் கூடம், அத்துமீறி நுழைந்த அடுத்தவர் வீட்டுக் கொல்லை.

ஸெஃபிர் அணி நீடிக்கவில்லை. பணம் வைத்திருந்த நிறுவனங்கள் ஆளுக்கொருவராகக் கொத்திக்கொண்டு போயின. இதில் இரண்டு பேர் எடுத்த முடிவைக் கவனிக்கவேண்டும். ஆல்வா 1977ல், 20 வயதைத் தொட்ட நேரத்தில், 'ஆல்வா ஸ்கேட்ஸ்' என்று சொந்த நிறுவனமே தொடங்கிவிட்டார். அடுத்தவன் பலகையில் என் பெயர் எதற்கு என்ற கேள்வியை முதலில் கேட்டவர்களில் அவர் ஒருவர். பெரால்டா தன் பெயர் போட்ட பலகையால் நன்றாகச் சம்பாதித்த பிறகு, 1978ல் ஜார்ஜ் பவல் என்ற பொறியாளரோடு கூட்டுச் சேர்ந்தார். பவல்-பெரால்டா பிறந்தது. பெரால்டாவுக்கு அப்போது 21 வயதுகூட முழுதாக ஓடவில்லை. ஆடுகிற காலம் முடியப்போகிறது என்று அந்த வயதிலேயே கணக்குப் போட்டு, இனி ஆட்டக்காரர்களைத் தேடி வளர்ப்பது என் வேலை என்று தீர்மானித்தார். இந்தத் துறையில் யாரும் எடுத்த முடிவுகளிலேயே புத்திசாலித்தனமானது இதுதான் என்று தோன்றுகிறது.

ஏனென்றால் அடுத்த சரிவு வாசலில் நின்றது. 1976ல் ஃபுளோரிடாவிலும் கலிஃபோர்னியாவின் கார்ல்ஸ்பாடிலும் தொடங்கி, நாடெங்கும் கட்டணம் வாங்கும் கான்கிரீட் பூங்காக்கள் முளைத்திருந்தன. யாராவது விழுந்து அடிபட்டால் வழக்கு. வழக்குக்குப் பயந்து காப்பீட்டு நிறுவனங்கள் தவணையை ஏற்றின. பிறகு காப்பீடே தர மறுத்தன. 1980களின் தொடக்கத்தில் பூங்காக்களை ஒவ்வொன்றாக இடித்துத் தள்ளினார்கள். நட்சத்திரங்கள் இரவோடிரவாக வேலையிழந்தார்கள். மிச்சமிருந்த பையன்கள் கொல்லைப்புறத்தில் ஒட்டுப்பலகையை வளைத்து 'ராம்ப்' கட்டிக்கொண்டார்கள்.

டோனி ஹாக்கின் 85 சென்ட் இந்தப் பாலைவனக் காலத்தைச் சேர்ந்தது.

இந்த வியாபாரத்தின் சூட்சுமம் புரியவேண்டுமானால் பலகையைக் கையில் எடுத்துப் பார்க்கவேண்டும். கெட்டி மேப்பிள் மரத்தை மெல்லிய தகடுகளாகச் சீவி, ஏழு தகடுகளைப் பசை தடவி அடுக்கி, அச்சில் வைத்து அழுத்துகிறார்கள். அழுத்தத்தில்தான் ஓரங்களின் குழிவும் முன்பின் முனைகளின் தூக்கலும் உருவாகின்றன. மேற்பக்கம் உப்புத்தாள்போல் சொரசொரவென்று ஒரு கறுப்புத் தாள் ஒட்டப்படும். அதற்குப் பெயர் கிரிப் டேப். கீழே அலுமினிய அச்சு இரண்டு, அவற்றை 'டிரக்' என்பார்கள். அச்சுகளுக்கு நடுவில் இருக்கும் வெற்றிடம்தான் விளம்பரப் பலகை. ஓவியமும் ஆட்டக்காரரின் பெயரும் அங்கே.

ஆட ஆட அந்த ஓவியம்தான் முதலில் அழியும். படிக்கட்டுக் கைப்பிடியில், சிமெண்டுத் திட்டின் விளிம்பில் பலகையின் வயிற்றைத் தேய்த்துக்கொண்டு போவது ஆட்டத்தின் ஒரு பகுதி. வால்பகுதி தரையில் அடிபட்டு அடிபட்டுக் கத்திபோல் மெலிந்துவிடும். 'ரேஸர் டெயில்' என்பார்கள். மரத்தின் துள்ளல் போய்விட்டால் 'பாப் போச்சு' என்று தூக்கிப் போட்டுவிடுவார்கள். தெருவில் முழுமூச்சாக ஆடுகிறவருக்கு ஒரு பலகை சில வாரம் தாங்கினால் அதிகம். பிறகு மறுபடி கடைக்கு, மறுபடி ஒரு பெயருக்கு ஒன்றிரண்டு டாலர். கிரிக்கெட் மட்டையில் சச்சின் கையெழுத்து இருந்தாலும் பையன் அதை வருடக்கணக்கில் வைத்து ஆடுவான். இங்கே அப்படி முடியாது.

செருப்புக் கதையும் இப்படித்தான். 1978ல் ஃபுளோரிடாவின் ஆலன் கெல்ஃபண்ட் கையால் பிடிக்காமலே பலகையோடு காற்றில் எழும்பக் கண்டுபிடித்தார், அதுதான் 'ஓலி'. 1980களின் தொடக்கத்தில் ராட்னி மல்லன் அதைச் சமதரைக்குக் கொண்டுவந்தார். பின்காலால் வாலை ஓங்கி மிதித்து, அதே நொடியில் முன்காலின் பக்கவாட்டைக் கிரிப் டேப்பில் உரசி மேலே இழுக்கவேண்டும். அந்த உப்புத்தாள் ஷூவின் ஒரே இடத்தைத் தின்னும். சுண்டுவிரலுக்கு மேலே ஓட்டை விழும். பையன்கள் டேப் சுற்றுவார்கள், பசை பூசுவார்கள். கலிஃபோர்னியாவின் வேன்ஸ் நிறுவனம் 1966ல் தொடங்கியது. தடித்த ரப்பர் அடியும் ஒட்டிப் பிடிக்கும் தன்மையும் இருந்ததால் ஸ்கேட்டர்கள் அதன் கடைகளுக்குத் தேடிப் போனார்கள். ஒரு கால் மட்டும் கிழிந்தவருக்கு ஒற்றை ஷூவைத் தனியாக விற்கும் வழக்கம் அங்கே இருந்தது. 1976ல் ஆல்வா, பெரால்டா இருவரின் யோசனையோடு ஸ்கேட்டுக்கென்றே ஒரு ஷூவை அது வெளியிட்டது. பிற்காலத்தில் பலகையைவிட ஷூவில் பெயர் போடுவதுதான் பெரிய வருமானம் என்றானதற்கு விதை அங்கே இருக்கிறது.

1980களில் விற்பனைக்கு மூன்று கருவிகள் சேர்ந்தன. ஓவியம், பத்திரிகை, வீடியோ.

பவல்-பெரால்டாவுக்கு வெர்னன் கோர்ட்லண்ட் ஜான்சன் வரைந்தார்: மண்டையோடு, வாள், பாம்பு, டிராகன். சான்டா குரூஸ் நிறுவனத்துக்கு ஜிம் ஃபிலிப்ஸ். ராப் ரோஸ்காப்பின் பலகைக்கு ஃபிலிப்ஸ் செய்த வேலை தனி ரகம். முதல் பலகையில் ஒரு குறிவட்டம், அதைக் கிழித்துக்கொண்டு ஒரு கை மட்டும் வெளியே நீளும். அடுத்த பலகையில் இன்னும் கொஞ்சம். அதற்கடுத்ததில் இன்னும் கொஞ்சம். முழுப் பூதமும் வெளியே வருவதற்குள் பையன்கள் எத்தனை பலகை வாங்கியிருப்பார்கள்! தொடர்கதைக்காக வார இதழ் வாங்கி வளர்ந்தவர்களுக்கு இந்த உத்தியை விளக்கவேண்டியதில்லை.

'திராஷர்' இதழ் 1981 ஜனவரியில் சான்பிரான்சிஸ்கோவில் தொடங்கியது. அதன் பின்னால் இருந்தவர்கள் இன்டிபென்டன்ட் என்ற டிரக் தயாரித்த ஃபாஸ்டோ விட்டெல்லோவும் எரிக் ஸ்வென்சனும். அச்சு விற்பவர்கள் அச்சு இயந்திரத்துக்கும் வந்துவிட்டார்கள் எனலாம். விளம்பரம் போட வேறு இடமில்லாததால் பத்திரிகையே ஆரம்பித்த வியாபாரிகள். 1984ல் பெரால்டா தன் ஆட்களை வைத்து எடுத்த 'போன்ஸ் பிரிகேட் வீடியோ ஷோ' எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு விற்றது. ஹாக், மல்லன், ஸ்டீவ் கபாயெரோ, மைக் மெக்கில் எல்லாரும் அதன்பின் உலகத்துக்குத் தெரிந்த முகங்கள். ஹாக்கின் தந்தை ஃபிராங்க், மகனுக்காக மட்டுமில்லாமல் எல்லாருக்குமாக தேசிய ஸ்கேட்போர்டு சங்கம் ஒன்றைத் தொடங்கிப் போட்டிகளை முறைப்படுத்தினார். ஹாக் தன் வாழ்நாளில் கலந்துகொண்ட 103 தொழில்முறைப் போட்டிகளில் 73ல் முதலிடம் என்பது கணக்கு. ஆனால் வீடு வாங்கிய பணம் அந்தக் கோப்பைகளிலிருந்து வந்ததில்லை. மண்டையோடு போட்ட பலகையிலிருந்து வந்தது.

அவருக்கு நேர் எதிர்முனையில் கிறிஸ்டியன் ஹொசோய். ஹாக் ஒல்லி, வித்தைகளைக் கணக்குப்போட்டுக் கட்டுபவர். ஹொசோய் காற்றில் எழும்பினால் ஒரு நொடி அங்கேயே தங்குவதுபோல் இருக்கும். கூட்டம் அவருக்குத்தான் கத்தும். சுறாத் தலை வடிவத்தில் ஹாமர்ஹெட் என்று அவர் வெளியிட்ட பலகை சக்கைப்போடு போட்டது. ஆல்வாவைப் போலவே சொந்த நிறுவனம், ஹாலிவுட் நட்பு, விருந்துகள், பெரிய வீடு. 1991 வாக்கில் அமெரிக்கப் பொருளாதாரம் சரிந்தது, உயரமான ராம்ப் ஆட்டத்தின் மோகமும் கலைந்தது. பிள்ளைகள் தெருவுக்குத் திரும்பியிருந்தார்கள். படிக்கட்டும் கைப்பிடியும் போதும், ராம்ப் எதற்கு? ஹொசோய்க்கு வேறு தொழில் தெரியாது. போதைக்குள் விழுந்தார். 2000 ஜனவரியில் ஹோனலூலு விமான நிலையத்தில் போதைப்பொருளோடு பிடிபட்டுச் சிறைக்குப் போனார். 2004ல் வெளியே வந்து கிறிஸ்தவப் போதகரானார்; மறுபடி பலகையிலும் ஏறினார்.

ஹாக் இதே பள்ளத்தில் வேறு விதமாக நடந்துகொண்டார். வீட்டின் பேரில் கடன் வாங்கி, 1992ல் பெர் வெலிண்டரோடு சேர்ந்து 'பேர்ட்ஹவுஸ்' என்ற பலகை நிறுவனத்தைத் தொடங்கினார். வெலிண்டரின் கால்களை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். 1985ல் வந்த 'பேக் டு தி ஃப்யூச்சர்' படத்தில் மைக்கேல் ஜே. ஃபாக்ஸுக்குப் பதிலாகப் பலகையில் ஓடியவர்களில் அவரும் ஒருவர். ஹாக் வேனை ஓட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய், வாகன நிறுத்துமிடங்களில் சிறு கூட்டத்துக்கு முன்னால் ஆடிக் காட்டினார். நாளுக்கு 5 டாலர் சாப்பாடு அந்தக் காலத்தில்தான். முப்பது வருடத்துக்கு முன் பேட்டி மெக்கீ செய்த அதே வேலை.

அந்தத் தலைமுறையில் தப்பித்தவர்களின் பட்டியலைப் பார்த்தால் ஒரு விஷயம் தட்டுப்படும். எல்லாரும் பலகையின் பக்கத்திலேயே வேறொரு கைத்தொழிலைப் பிடித்துக்கொண்டவர்கள். பூதத்தின் சொந்தக்காரர் ரோஸ்காப், சான்டா குரூஸ் சைக்கிள் நிறுவனத்தை நிறுவி மலைச் சைக்கிள் உலகில் பெரிய ஆளானார். மெக்கில் என்சினிடாஸ் பகுதியில் கடை வைத்தார். பெரால்டா திரைப்படத்துக்குப் போய், தன் பேட்டைக் கதையையே 2001ல் 'டாக்டவுன் அண்ட் இஸட்-பாய்ஸ்' என்ற ஆவணப்படமாக எடுத்து சன்டான்ஸ் விழாவில் பரிசு வாங்கினார். 1991ல் 'வீடியோ டேஸ்' என்ற ஸ்கேட் வீடியோவை எடுத்த பையன் ஸ்பைக் ஜோன்ஸ். பிறகு 'ஹெர்' படத்தின் திரைக்கதைக்கு ஆஸ்கர் வாங்கினார். அதே வீடியோவில் ஆடிய ஜேசன் லீ ஹாலிவுட் நடிகர். ஸ்டீவ் ராக்கோவின் வேர்ல்ட் இண்டஸ்ட்ரீஸில் கூட்டாளியாகச் சேர்ந்த மல்லன், ஆடுவதோடு பலகைகளையும் டிரக்குகளையும் வடிவமைப்பதில் இறங்கினார்.

1995ல் ஈ.எஸ்.பி.என். தொலைக்காட்சி ரோட் ஐலண்டில் 'எக்ஸ்ட்ரீம் கேம்ஸ்' என்று ஒரு திருவிழா நடத்தியது. அடுத்த வருடமே 'எக்ஸ் கேம்ஸ்' என்று பெயர் சுருங்கியது. ஸ்கேட்டர்கள் முகம் சுளித்தார்கள். குளிர்பான விளம்பரங்களுக்கு நடுவே தங்களை சர்க்கஸ் ஆக்குகிறார்கள் என்று. சுளித்துக்கொண்டே போய் ஆடவும் செய்தார்கள். 1999 ஜூன் 27 அன்று சான்பிரான்சிஸ்கோவில் ஹாக் காற்றில் இரண்டரைச் சுற்றுச் சுற்றி இறங்கினார், 900 பாகை. பல முறை விழுந்து, போட்டி நேரமும் முடிந்து, யாரும் அவரைத் தடுக்காததால் நடந்தது அது. சில மாதங்களில் 'டோனி ஹாக்ஸ் ப்ரோ ஸ்கேட்டர்' வீடியோ கேம் வந்தது. வெளிவருவதற்கு முன் ஆக்டிவிஷன் நிறுவனம், மொத்தமாக 5 லட்சம் டாலர் வாங்கிக்கொண்டு ராயல்டியை விட்டுவிடுங்கள் என்று கேட்டிருந்தது. ஹாக் மறுத்தார். வாழ்க்கையின் மிகச் சிறந்த பொருளாதார முடிவு என்று பின்னால் அவரே சொல்லிக்கொண்டார். 85 சென்ட்டும் பார்த்து, அது பெருகுவதும் பார்த்து, வற்றுவதும் பார்த்தவருக்குப் பங்கின் அருமை தெரிந்திருக்கிறது.

புகழ் ஒரு பக்கம் இருக்க, சத்தமில்லாமல் ஒரு சட்டமும் உதவியது. ஸ்கேட்போர்டிங் ஆபத்தான பொழுதுபோக்கு, விழுந்தால் விழுந்தவர் பொறுப்பு என்று கலிஃபோர்னியா 1998 முதல் சட்டத்தில் சேர்த்தது. நகராட்சிகளுக்கு வழக்குப் பயம் குறைந்ததும் பொதுப் பூங்காக்கள் பெருகின. காப்பீட்டால் செத்தது சட்டத்தால் உயிர்த்தது.

பெண்களுக்கு இந்தக் கதவு மெதுவாகத்தான் திறந்தது. மெக்கீ அட்டையில் வந்து முப்பது வருடத்துக்கு மேல் ஆன பிறகே எலிசா ஸ்டீமருக்குத் தன் பெயரில் பலகை கிடைத்தது. ஹாக்கின் வீடியோ கேமிலும் அவர் ஒரு பாத்திரம். எக்ஸ் கேம்ஸ் பரிசுத் தொகையில் ஆண் பெண் வித்தியாசம் வெட்கக்கேடாக இருந்ததை காரா-பெத் பர்ன்சைடும் மிமி நூப்பும் அமைப்பாகத் திரண்டு கேட்டார்கள். 2000களின் இறுதியில்தான் அது சமமானது.

மாமல்லபுரத்துக்கு இந்த விளையாட்டு வந்ததும் ஒரு பெண் பிள்ளையின் படத்தால்தான் வெளியே தெரிந்தது. வெறுங்காலோடு, கவுன் போட்டுக்கொண்டு ராம்ப்பில் இறங்கும் கமலி மூர்த்தியின் படத்தை டோனி ஹாக்கே தன் பக்கத்தில் பகிர்ந்தார். கமலியையும் அவர் அம்மாவையும் பற்றி சாஷா ரெயின்போ எடுத்த 'கமலி' என்ற குறும்படம் பிரிட்டனின் பாஃப்டா விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. மாமல்லபுரத்திலும் கோவளத்திலும் பலகையால் வருமானம் என்றால் அது பெரும்பாலும் அலைப்பலகை. மீனவர் வீட்டுப் பிள்ளைகள் சென்னையிலிருந்து வார இறுதியில் வருகிறவர்களுக்கு அலையில் நிற்கக் கற்றுக்கொடுக்கிறார்கள். ராயல்டி என்ற கட்டத்துக்கு இன்னும் வரவில்லை. கலிஃபோர்னியாவும் அங்கிருந்துதான் கிளம்பியது என்பதையும் சொல்லவேண்டும்.

கடைசியாக ஒலிம்பிக். 2021ல் டோக்கியோவில் ஸ்கேட்போர்டிங் முதன்முறையாகச் சேர்ந்தது. பெண்கள் தெருப் பிரிவில் தங்கம் வென்ற மோமிஜி நிஷியாவுக்கு வயது 13. ஆண்களில் யூடோ ஹொரிகோமே, போட்டி நடந்த கோட்டோ பகுதியிலேயே வளர்ந்தவர். தந்தை டாக்சி ஓட்டுநர், இளமையில் தெருவில் ஸ்கேட் ஆடியவர், மகனுக்குப் பலகையைக் கொடுத்தவரும் அவரே. 2024ல் பாரிஸில் ஹொரிகோமே மறுபடி தங்கம் வென்றார். கடைசி வித்தைவரை பின்தங்கியிருந்து, அந்த ஒன்றில் 97.08 மதிப்பெண் எடுத்து, அமெரிக்காவின் ஜாகர் ஈட்டனை வெறும் 0.1 புள்ளியில் தாண்டினார். அரசு, சங்கம், பயிற்சியாளர், ஊக்கத்தொகை எல்லாம் இப்போது உண்டு. பல நாடுகளில் முதன்முறையாக ஸ்கேட்டர்களுக்குத் தேசிய அணி என்று ஒன்று இருக்கிறது.

ஆனால் ஹொரிகோமே இந்தப் பதக்கங்களுக்கு வெகு முன்பே கலிஃபோர்னியாவுக்குக் குடிபோயிருந்தார். பலகை, ஷூ, சக்கரம் விற்கும் நிறுவனங்களும் வீடியோ எடுப்பவர்களும் இருக்கும் இடம் இன்னும் அதுதான். அவர் பெயரில் பலகை வெளியிடும் 'ஏப்ரல்' நிறுவனத்தை 2019ல் தொடங்கியவர் ஆஸ்திரேலியாவின் ஷேன் ஓ'நீல், அவரும் ஸ்கேட்டர்தான். நல்ல பலகை ஒன்றின் கடை விலை இன்று 65, 70 டாலர். 1980களின் இறுதியில் 50 டாலர் அளவில் இருந்தது. இடைப்பட்ட காலத்தில் மற்ற எல்லாமும் ஏறிய ஏற்றத்துக்கு இது ஏற்றமே இல்லை. அதனால் பெயருக்கு வரும் பங்கும் பெரிதாக ஏறவில்லை. இன்றைய தொழில்முறை ஸ்கேட்டரின் பிழைப்பு பெரும்பாலும் ஷூ ஒப்பந்தத்தையும் சக்தி பானத்தையும் கைப்பேசித் திரையில் ஓடும் பதினைந்து நொடிக் காணொளியையும் நம்பியிருக்கிறது. அந்தக் காணொளிக்காக, வேலைநேரம் முடிந்து ஆள் நடமாட்டம் ஓய்ந்த அலுவலகக் கட்டடங்களின் படிக்கட்டுகளில், காவலாளி வந்து விரட்டும்வரை அதே ஒரு குதியைத் திரும்பத் திரும்பக் குதித்துக்கொண்டிருக்கிறார்கள்.